ஏழு பொட்டு

உட்காருங்கள். அந்த ஸ்டூல் வேண்டாம், அதற்கு மூன்று கால்தான். இந்த டயர்மேல் உட்காருங்கள். மாமா லைனர் வாங்க ஈரோடு போயிருக்கிறார், வர ஒரு மணி நேரமாவது ஆகும். அதுவரை உங்கள் இன்ஜின் எங்கேயும் ஓடிப்போகாது. ஓடுகிற நிலையில் இருந்தால் இங்கே ஏன் வரப்போகிறது?

என்னை அப்படிப் பார்க்க வேண்டாம். ஆமாம், இது பள்ளிக்கூட யூனிஃபார்ம்தான். இல்லை, நான் பள்ளிக்கூடம் போவதில்லை. இரண்டுமே உண்மை. எப்படி என்று சொல்கிறேன்.

அதற்கு முன்னால் ஒன்று. காலையில் நீங்கள் மாமாவைத் தனியாகக் கூட்டிப்போய், "ஏனுங்க, இந்தப் புள்ளையா என்ர இன்ஜினைக் கட்டப்போகுது? வேற ஆளே இல்லீங்களா?" என்று கேட்டீர்கள். நான் உங்கள் லாரிக்கு அடியில்தான் படுத்திருந்தேன். லாரிக்கு அடியில் இருக்கிறவர்களுக்கும் காது உண்டு என்பதை ஓனர்கள் எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். எனக்குக் கோபமெல்லாம் இல்லை. பொய் சொல்வானேன், இருந்தது. பத்து நிமிஷம் இருந்தது. அந்தப் பத்து நிமிஷத்தில் உங்கள் இன்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கிற சம்ப்பின் போல்ட்டு எல்லாவற்றையும் கழற்றிவிட்டேன்.

அதனால் உங்களுக்கு என்மேல் ஒரு நம்பிக்கை வரட்டும் என்றுதான் இதைச் சொல்கிறேன். கேட்டுவிட்டு நீங்களே முடிவு பண்ணுங்கள்.

அதோ அந்த போர்டைப் பார்த்தீர்களா? "வாடிக்கையாளர்கள் இன்ஜின் பாகங்களில் நெயில் பாலிஷ் வைக்கக் கூடாது." சங்ககிரியில் எத்தனையோ இன்ஜின் கடை இருக்கிறது. எங்கேயும் இப்படி ஒரு போர்டு கிடையாது. வருகிறவர்கள் எல்லாரும் சிரிக்கிறார்கள். அந்த போர்டு வந்த கதையும் இந்த யூனிஃபார்ம் வந்த கதையும் ஒன்றுதான்.

நான் பள்ளிக்கூடத்தை விட்டது உட்கார முடியாமல்தான். வீட்டில் கஷ்டம், அப்பா குடிக்கிறார், அதெல்லாம் ஒன்றும் கிடையாது. அப்பா தறி ஓட்டுகிறார், டீ தவிர எதுவும் குடிக்க மாட்டார். கெமிஸ்ட்ரி மிஸ் பாடம் நடத்தி முடித்து "புரிஞ்சுதா?" என்று கேட்பார். எல்லாரும் "புரிஞ்சுது மிஸ்" என்பார்கள். நான் எழுந்து, "யாருக்கும் புரியலை மிஸ், இவங்க பொய் சொல்றாங்க" என்பேன். மிஸ்ஸுக்கும் கோபம் வரும், பிள்ளைகளுக்கும் கோபம் வரும். உண்மையைச் சொன்னால் நாற்பது பேருக்கு ஒரே சமயத்தில் கோபம் வருகிற இடத்தில் எத்தனை நாள் உட்கார்ந்திருப்பது? பதினொன்றாவது பரீட்சை எழுதிவிட்டு நேராக இங்கே வந்துவிட்டேன். எட்டாவது லீவிலிருந்தே இங்கேதான் கிடப்பேன். இன்ஜின் பரவாயில்லை. சரியாகக் கட்டினால் ஓடும், தப்பாகக் கட்டினால் ஓடாது. புரிஞ்சுதா என்று கேட்காது.

அம்மா சும்மா விடுவாரா? என்னைக் கேட்காமலே பன்னிரண்டாவதுக்கு யூனிஃபார்ம் துணி எடுத்து, தையல்காரரிடம் பழைய அளவில் கொடுத்துவிட்டு, நேராகக் கடைக்கு வந்து நின்றார். கடை முதலாளி செங்கோட்டுவேல் மாமா அம்மாவுக்குக் கூடப்பிறந்த அண்ணன்.

"அண்ணா, இவளைத் தொரத்தி உடு."

"பாக்கலாம்" என்றார் மாமா. மாமா எதற்குமே அதைத்தான் சொல்வார். தீ பிடித்தாலும் பாக்கலாம் என்றுதான் சொல்வார்.

"பாக்கலாம் கீக்கலாம் வேண்டாம். இவளுக்கு என்ன தெரியும்? ஒரு இன்ஜினைத் தனியாக் கட்டுவாளா?"

"கீழ்ப்பாதி கட்டுவேன்" என்றேன்.

"கட்டிச் சுத்தலைன்னா?"

"பள்ளிக்கூடம் போறேன்."

வாய்தான் எனக்கு. அம்மா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். பள்ளிக்கூடம் திறப்பது அடுத்த திங்கட்கிழமை. அதற்குள் நான் தனியாக ஓர் இன்ஜினின் கீழ்ப்பாதியைக் கட்ட வேண்டும், கிராங்க் என்கிற நடுத்தண்டு கையால் தள்ளினால் சுற்ற வேண்டும். சுற்றினால் கடை, சுற்றாவிட்டால் யூனிஃபார்ம். மாமா "பாக்கலாம்" என்றார். பந்தயம் முடிவாகிவிட்டது.

செவ்வாய்க்கிழமை ஒரு பத்து சக்கர லாரி வந்தது. ஆறு சிலிண்டர். கூடவே மேச்சேரிக்காரர் டிரைவர் மாதேசு அண்ணன், ஒரு கயிற்றுக் கட்டில், ஒரு ஸ்டவ், ரசப்பொடி டப்பா. இன்ஜின் வேலை முடிகிறவரை இங்கேயே தங்கப்போவதாகச் சொன்னார். ஓனர் சொல்லி இல்லை, அவராகவே. வேறே ஊரில் எங்கேயோ ஒரு கடையில் ஒரு தடவை அவருடைய நல்ல செல்ஃப் மோட்டாரைக் கழற்றிவிட்டு ஓட்டை மோட்டாரை மாட்டி அனுப்பிவிட்டார்களாம். அன்றிலிருந்து அவர் மெக்கானிக் யாரையும் நம்புவதில்லை. கட்டிலை இன்ஜினுக்கு நேராகப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

நான் ஒரு போல்ட்டைக் கழற்றினால், "அது என்னுதுதானே?" என்பார்.

"உங்களுதுதான்."

கழுவி வைத்தால், "கழுவறதுக்கு முன்னாடி இருந்த அதே சாமானா?"

"இல்லீங்க, டீசல்ல போட்டா குட்டி போடும். இது குட்டி."

"பாத்தியா, வாய் பேசுது. வாய் பேசற மெக்கானிக்கை நம்பவே கூடாது."

ரசம் மட்டும் நன்றாக வைப்பார். அதையும் சொல்லிவிட வேண்டும்.

இப்போது ஒரு சாமானைப் பற்றிச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் உங்களுக்குக் கதை விளங்காது. லாரி ஓனருக்குத் தெரிந்திருக்கும். தெரியாவிட்டாலும் தெரிந்த மாதிரி தலையை ஆட்டுவீர்கள், அதனால் சொல்லியே விடுகிறேன். பிஸ்டனையும் கிராங்க்கையும் சேர்ப்பது ராடு. ராட்டின் கீழ்முனை கிராங்க்கைக் கட்டிப்பிடித்திருக்கும். அந்தப் பிடியில் பாதி வளையம் ராட்டோடு இருக்கும், மறுபாதி தனியாகக் கழற்றுகிற கேப். இரண்டு போல்ட்டு போட்டு ராட்டோடு இறுக்க வேண்டும். ராட்டையும் கேப்பையும் சேர்த்து வைத்துத்தான் அந்த வளையத்தைக் கடைந்திருப்பார்கள். அதனால் ஒரு ராட்டின் கேப் இன்னொரு ராட்டுக்கு ஆகாது. கோயில் வாசலில் செருப்பு மாறிப்போகிற மாதிரி. அதே கடைச் செருப்பு, அதே அளவு, போட்டுக்கொண்டு நடந்தால் கடிக்கும்.

ஆறு ராடு, ஆறு கேப். எது எதற்கு ஜோடி என்று கம்பெனியிலேயே நம்பர் குத்தியிருப்பார்கள். ஆனால் மாதேசு அண்ணன் இன்ஜினை ஏற்கெனவே மூன்று கடையில் பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொருத்தரும் அவரவர் இஷ்டத்துக்கு மேலே மேலே குத்தி, மூன்றா ஐந்தா எட்டா என்று கண்டுபிடிக்க முடியாது. அதனால்தான் இந்தக் கடையில் ஒரு வழக்கம். ராட்டைக் கழற்றிக் கழுவியதும் அதன் கேப்பை அதிலேயே கையால் மாட்டிவிட வேண்டும். கேப் தனியாகத் தரையைத் தொடவே கூடாது. மாமா இதில் மட்டும் பாக்கலாம் சொல்ல மாட்டார்.

அது நல்ல வழக்கம்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள், நாளைக்குக் கழற்றப்போகிறதை இன்றைக்கு எதற்கு மாட்ட வேண்டும்? பன்னிரண்டு போல்ட்டு. மாட்டுவது ஒரு வேலை, கழற்றுவது இன்னொரு வேலை. நான் அதைவிடச் சுலபமாக ஒரு வழி கண்டுபிடித்தேன். என்னிடம் ஒரு நெயில் பாலிஷ் பாட்டில் இருந்தது, நல்ல சிவப்பு. அது உடனே காயும், டீசலில் போகாது. முதல் ராட்டுக்கு ஒரு பொட்டு, அதன் கேப்புக்கு ஒரு பொட்டு. இரண்டாவதுக்கு இரண்டு, இரண்டு. இப்படி ஆறு வரைக்கும். முடிந்தது. ஐந்து நிமிஷம். பாட்டிலை அலமாரியில் வைத்தேன்.

புதன்கிழமை ராடுகளுக்கு மேல்முனையில் புது புஷ் போட தஸ்தகீர் பாய் லேத்துக்குக் கொண்டுபோனேன். மொபெட்டில் ஆறு ராடு வைத்தாலே முன்சக்கரம் தூக்குகிறது. கேப்பெல்லாம் சேர்த்தால் நான் கிணற்றில்தான் போய் விழ வேண்டும். கேப்பைத் தட்டிலேயே விட்டுவிட்டுப் போனேன். பாயும், "கேப் எங்கம்மா?" என்று கேட்டார். "கடையில பத்திரமா இருக்குது பாய்" என்றேன். அது பொய் இல்லை. எனக்குத் தெரிந்த அளவில் பத்திரமாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை ராடு வந்தது. பாய் புதிதாக அரைத்துக் கொடுத்த கிராங்க்கும் வந்தது, கண்ணாடி மாதிரி. சனிக்கிழமை காலையில் உட்கார்ந்தேன். கிராங்க்கை வைத்தாயிற்று, பிஸ்டனை இறக்கியாயிற்று. இனி கேப். கைக்கு முதலில் எட்டியது இரண்டு பொட்டு ராடு, அதற்கு இரண்டு பொட்டு கேப். மூன்றுக்கு மூன்று. நான்குக்கு நான்கு. சரசரவென்று போகிறது. ஆறு வரைக்கும் வந்துவிட்டேன். மிச்சம் இருப்பது ஒரு பொட்டு ராடு. தட்டில் மிச்சம் இருக்கிற கேப்பை எடுத்தேன்.

அதில் ஏழு பொட்டு.

இரண்டு தடவை எண்ணினேன். ஏழுதான். ஆறு சிலிண்டர் இன்ஜினில் ஏழாவது பொட்டு எப்படி வரும்? வராது. அதனால் அது நான் அவசரத்தில் ஒன்றுக்குப் பதிலாக ஏழு வைத்திருப்பேன் என்று முடிவு பண்ணினேன். இப்போது உங்களிடம் சொல்லும்போது அது கொஞ்சம் ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது. அன்றைக்கு நன்றாகத்தான் இருந்தது. மிச்சம் ஒரு ராடு, மிச்சம் ஒரு கேப், வேறு எங்கே போடுவது?

இன்னொரு வழக்கம் உண்டு. ஒரு கேப்பை இறுக்கியதும் கிராங்க்கை ஒரு சுற்று சுற்றிப் பார்க்க வேண்டும். அப்புறம்தான் அடுத்த கேப். ஆறு தடவை எழுந்து போய் இரும்புப் பாரை மாட்டிச் சுற்றுவதற்குப் பதிலாக, எல்லாவற்றையும் முடித்துவிட்டு ஒரே தடவையாகச் சுற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். எனக்குப் பொறுமை இல்லை என்று எல்லாரும் சொல்கிறார்கள். பொறுமை இருக்கிறது. அதை வீணாக்கப் பிடிக்காது, அவ்வளவுதான்.

பாரை மாட்டி அழுத்தினேன். அசையவில்லை.

பாரில் ஒரு நீளப் பைப்பைச் செருகித் தொங்கினேன். நான் நாற்பத்திரண்டு கிலோ. தொங்கிக்கொண்டே இருந்தேன். மாமா வந்தார். மாமாவும் தொங்கினார். மாதேசு அண்ணன் கட்டிலிலிருந்து எழுந்து வந்து, "என்னுதுதானே?" என்று கேட்டுவிட்டு அவரும் தொங்கினார். மூன்று பேர் கனத்துக்கு ஒரு கால் சுற்று "க்ரீச்" என்று நகர்ந்து நின்றுவிட்டது.

"பேரிங் சைஸ் மாறிருக்கும்" என்றார் மாமா. பேரிங் கடைக்காரர் வந்து டப்பாவைக் காட்டினார், சைஸ் சரி. பக்கத்து டிங்கரிங் கடைக்காரர் கண்ணு பட்டிருக்கிறது, பூசணிக்காய் சுற்றணும் என்றார். நான்தான், "கிராங்க்கை பாய் கோணலா அரைச்சுட்டார்" என்றேன். மெதுவாகச் சொல்லவில்லை. என் குரல் கொஞ்சம் பெரிசு. கடையில் அப்போது பத்து பேர் இருந்தார்கள்.

அரை மணியில் தஸ்தகீர் பாய் மைக்ரோமீட்டர் பெட்டியோடு வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, இஸ்திரி போட்டது. கிராங்க்கை இறக்கச் சொல்லி ராடு உட்காருகிற ஆறு ஜர்னலையும் மூன்று மூன்று தடவை அளந்தார். ஒவ்வொன்றையும் சத்தமாகப் படித்தார். ஒரு நூல் கூடப் பிசகு இல்லை. டீ கொடுத்தோம், வாங்கவில்லை.

"முப்பத்தொரு வருஷம்" என்றார். "ஒருத்தன் என்னைக் கோணல்னு சொன்னதில்லை." பெட்டியை மூடிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அம்மா வந்தார், கையில் யூனிஃபார்ம் பொட்டலம். "தெச்சு வந்துருச்சு. அளவு பாரு" என்றார். இன்ஜினைப் பார்க்கக்கூட இல்லை. அந்த மேல்கோட்டை என் முதுகில் வைத்துப் பிடித்துப் பார்த்தார். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு பள்ளிக்கூட பஸ் இந்த ரோட்டில்தான் வரும். அதில் நாற்பது பேர். எல்லாமே புரிந்துவிட்டவர்கள்.

மாமா முந்தின நாள் கழற்றின கேப்பையெல்லாம் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தார். மாதேசு அண்ணன் வந்து குனிந்து ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"எல்லாம் என்னுதுதான்" என்றார். "என்ர குறி அப்படியே இருக்குது."

"என்ன குறி?" என்றார் மாமா.

"புதன்கிழமை நீங்க சாப்பிடப் போயிருந்தீங்க. இந்த அம்மணி ராட்டை மட்டும் எடுத்துக்கிட்டு எங்கயோ போகுது. எனக்கு சந்தேகம். கேப்பை மாத்திருவீங்கன்னு ஒவ்வொண்ணுலயும் ஒரு பொட்டு வெச்சேன். அலமாரியில இருந்த அதே பாட்டில்தான். வேற கலர்ல வெச்சாத் திருடனுக்குத் தெரிஞ்சுரும் பாருங்க. அதே கலர்ல, அதே சைஸ்ல வெச்சாத்தான் ஆளு சிக்குவான்!"

ஸ்டவ்வில் ரசம் கொதித்துக்கொண்டிருந்தது.

நான் மனசுக்குள் போட்டுப் பார்த்தேன். கேப்புக்கு மட்டும் எல்லாவற்றிலும் ஒரு பொட்டு கூட. ராட்டில் இல்லை, ராடு பாய் கடையில் இருந்தது. நான் இரண்டு என்று போட்டது ஒன்று. மூன்று என்று போட்டது இரண்டு. ஏழு, ஆறு. ஒன்றுகூட அதன் ஜோடியோடு இல்லை. ஆறு பேருக்கும் செருப்பு மாறியிருக்கிறது.

மாமாவுக்கு இப்படிக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை. "பாக்கலாம்" என்றுகூடச் சொல்லவில்லை. நேராக லாரி ஓனர் சின்னுசாமிக்குப் போன் போட்டு, "உங்க டிரைவர் பண்ணின வேலையில இன்ஜின் நாசமாயிருக்கும், நல்லவேளை ஸ்டார்ட் பண்ணலை" என்றார். போன் ஸ்பீக்கரில் இருந்தது. ஓனர், "திங்கக்கிழமை லோடு ஏத்தணும்னு கத்திட்டிருக்கேன், அங்க பொட்டு வெச்சு விளையாடறானா? சாவியைக் குடுத்துட்டு அவனை ஊருக்கு பஸ் ஏறச் சொல்லுங்க" என்றார்.

அம்மா என்னைப் பார்த்து, "அப்ப உன் தப்பு இல்லையா?" என்றார். குரலில் கொஞ்சம் ஏமாற்றம்கூட இருந்தது. பொட்டலத்தைத் திரும்பக் கட்ட ஆரம்பித்தார்.

பாருங்கள், நான் ஜெயித்துவிட்டேன். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். கட்டும்போதே ஏழு பொட்டைப் பார்த்தது நான் ஒருத்திதான்.

மாதேசு அண்ணன் கட்டில் பக்கம் போனார். ஸ்டவ்வை அணைத்தார். ரசத்தை இறக்கி ஓரமாக வைத்தார். கட்டிலைச் சாய்த்து, கயிற்றை இறுக்குகிற மாதிரி ஏதோ பண்ணிக்கொண்டு, துண்டால் முகத்தைத் துடைத்தார். "பதினாறு வருஷம் இந்த வண்டி" என்று கட்டிலிடம் சொன்னார்.

பெரிய ஆம்பளை அழுவதைப் பார்க்க எனக்குப் பொறுமை கிடையாது. அதனால்தான் சொன்னேன். வேறு ஒன்றும் இல்லை.

"மாமா, போனை வைக்காதீங்க. ஏழு பொட்டு நான் பாத்தேன்."

"என்ன?"

"சனிக்கிழமையே பாத்தேன். ஆறு சிலிண்டர்ல ஏழு பொட்டு. ரெண்டு தடவை எண்ணினேன். தெரிஞ்சேதான் போட்டேன். கேப்பை ராட்டுல மாட்டி வைக்கலை. ஒவ்வொரு கேப்புக்கும் சுத்திப் பாக்கவும் இல்லை. முதல் கேப்புலயே சுத்திருந்தா அங்கயே தெரிஞ்சிருக்கும். பாட்டிலும் என்னுது. அண்ணன் வெச்சது ஒரு பொட்டுதான். மீதி எல்லாம் நானு."

போனில் சின்னுசாமி, "அது யாரு பேசறது?" என்றார்.

"மெக்கானிக்" என்றேன்.

"அந்த மெக்கானிக்கையும் பஸ் ஏத்துங்க" என்றார்.

அம்மா பொட்டலத்தைத் திரும்ப அவிழ்த்தார். அவ்வளவு வேகமாக அம்மா எதையும் அவிழ்த்து நான் பார்த்ததில்லை.

அப்போதுதான் மாதேசு அண்ணன் எழுந்து வந்து போனை மாமா கையிலிருந்து பிடுங்கினார். "ஓனர், நானு மாதேசு. பஸ் ஏறறதை அப்புறம் பேசிக்கலாம். இன்ஜினை இந்தப் புள்ளையே கட்டட்டும். வேற யாரு கை வெச்சாலும் நான் வண்டியை எடுக்க மாட்டேன்."

"ஏன்டா?"

"எத்தனை கடை பாத்துட்டேன். தப்பு பண்ணாத மெக்கானிக்கே கிடையாதுங்க. தப்பு பண்ணேன்னு சொன்னவளை இப்பத்தான் பாக்கறேன். இவளால ஒரு வாஷரைக்கூட மாத்த முடியாது, மாத்துனா அவளே வந்து சொல்லிருவா."

சின்னுசாமி, "நாளைக்குக் காலைல சுத்தணும். சுத்தலைன்னா ரெண்டு பேரும் பஸ்" என்றார்.

அம்மாவும் அதையே பிடித்துக்கொண்டார். "பஸ்ஸு ஒம்பது மணிக்கு. அதுக்குள்ள சுத்துனா சரி. சுத்தலைன்னா அப்படியே ஏறிக்கிற மாதிரி யூனிஃபார்மைப் போட்டுக்கிட்டு வேலை செய்யி."

அதற்குள் மாமா எனக்கு ஒரு வேலை வைத்தார். "முதல்ல பாய்கிட்டப் போ."

போனேன். லேத்துக்கு வெளியே நின்று, "பாய், நீங்க அரைச்சது சரிதான். மன்னிச்சுக்கோங்க" என்றேன்.

"கோணல்னு நீ சொன்னதைப் பத்து பேர் கேட்டாங்க. நேர்னு சொல்றதை யாரு கேட்டா?" என்றார்.

நியாயம்தானே? ரோட்டுக்கு வந்து நின்றேன். சேலம் பஸ் ஒன்று டீக்கடை முன்னால் நின்றுகொண்டிருந்தது. "தஸ்தகீர் பாய் அரைச்ச கிராங்க் நேரா இருக்குது! தப்பு என்னுது!" என்று கத்தினேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் உண்மை என்று ஒன்று இருக்கிறதே, "ஆனா கேப் இல்லாம ராடு வாங்கினது பாய் தப்பு!" என்றும் சேர்த்துக் கத்தினேன். பாய் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். அப்புறம் உள்ளே இருந்து இரண்டு டீ சொன்னார். அதையும் ஒத்துக்கொண்டார் என்றுதான் நினைக்கிறேன்.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு யூனிஃபார்மைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். முந்தின நாளே கேப்பையெல்லாம் துடைத்து, கூடுதல் பொட்டு ஒவ்வொன்றையும் சுரண்டி, ஜோடி சேர்த்து, அந்தந்த ராட்டில் கையால் மாட்டி வைத்திருந்தேன். பன்னிரண்டு போல்ட்டு. பேரிங்கில் கீறல் இல்லை, தப்பித்தோம். கிராங்க் உட்கார்ந்தது. ஒவ்வொரு பிஸ்டனாக இறங்கியது. முதல் கேப். இறுக்கம் சரியானதும் டார்க் ரெஞ்ச் "டிக்" என்றது. எழுந்து போய்ப் பாரை மாட்டிச் சுற்றினேன். சுற்றியது. இரண்டாவது கேப். எழுந்து போய்ச் சுற்றினேன். சுற்றியது.

மாதேசு அண்ணன் இன்ஜினுக்கு அந்தப் பக்கம் நின்று ஒவ்வொரு சுற்றுக்கும் சாமி கும்பிட்டார். அவருக்கும் அதே பஸ்தானே. பள்ளிக்கூடத்துக்குப் பதிலாக மேச்சேரி, அவ்வளவுதான்.

ஐந்தாவது கேப்பை இறுக்கும்போது ஹார்ன் சத்தம். மஞ்சள் பஸ். அம்மா நடு ரோட்டில் கையை விரித்து நின்றுவிட்டார். "ஒரு நிமிஷம் நில்லுங்க. ஒரு பொண்ணு வருது, வந்தாலும் வரும்."

பஸ் நின்றது. ஜன்னலெல்லாம் தலை. "ஏய், அங்க பாருடி, நம்ம சங்கவி!" என்று ஒருத்தி கத்தினாள். பஸ் டிரைவர் இறங்கி வந்து, "என்ன இன்ஜின்? எத்தனை சிலிண்டர்?" என்று மாமாவிடம் கேட்டுக்கொண்டு நின்றுவிட்டார். கெமிஸ்ட்ரி மிஸ் முன் சீட்டிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"சீக்கிரம்டி, பஸ்ஸு நிக்குது" என்றார் அம்மா.

எனக்கு வாழ்க்கையில் யாரும் சீக்கிரம் என்று சொல்ல வேண்டியிருந்ததே இல்லை. அன்றைக்குச் சொன்னார்கள். ஐந்தாவதுக்கும் ஆறாவதுக்கும் சேர்த்து ஒரே சுற்றாகச் சுற்றிவிடலாமா என்று கை துடித்தது. சத்தியமாகச் சொல்கிறேன், துடித்தது. எழுந்து போய் ஐந்தாவதுக்குச் சுற்றினேன். திரும்பி வந்தேன். ஆறாவது கேப். அதில் ஆறு பொட்டு. எண்ணினேன். இன்னொரு தடவை எண்ணினேன். இறுக்கினேன்.

பாரை எடுத்தேன். பைப் போடவில்லை. ஒரு கையால் அழுத்தினேன்.

தயிர் மத்து மாதிரி சுற்றியது. ஒரு சுற்று முழுசாக. மாதேசு அண்ணன் ஓடிவந்து, "நான், நான்" என்று பாரை வாங்கி அவரும் ஒரு சுற்று. பஸ் டிரைவரும் வாங்கி ஒரு சுற்று. பிள்ளைகள் எதற்கு என்று தெரியாமலே கை தட்டினார்கள். புரிஞ்சுதா என்று கேட்டிருந்தால் புரிஞ்சுது என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

அம்மா என்னை மேலேயிருந்து கீழே பார்த்தார். சந்தனக்கலர் சட்டையில் கையகலத்துக்கு ஆயில். மேல்கோட்டில் கிரீஸ். "இதைப் போட்டுக்கிட்டு இனி எந்தப் பள்ளிக்கூடத்துக்குள்ளயும் விடமாட்டாங்க" என்றார். பஸ்ஸைப் பார்த்து, "நீங்க போங்க" என்று கையை ஆட்டினார். அப்புறம் என்னிடம், "ரெண்டு செட்டு தெச்சிருக்குது. கிழியற வரைக்கும் இதைப் போட்டுத்தான் வேலை செய்யணும். துணியை வீணாக்க முடியாது" என்றார்.

அதனால்தான் யூனிஃபார்ம். மேல்கோட்டில் இரண்டு பை இருக்கிறது, ஸ்பேனர் வைக்க நல்ல வசதி.

அன்றைக்குச் சாயங்காலம் மாமா மேல்பாதியைக் கட்டி முடித்ததும் இன்ஜின் ஸ்டார்ட் ஆனது. எலுமிச்சம்பழம், கற்பூரம் எல்லாம் உண்டு. முதலில் கறுப்பாகப் புகை, அப்புறம் சுத்தமாகி ஒரே சீராக ஓடியது. மாதேசு அண்ணன் இன்னும் அதே வண்டிதான். மாதம் ஒரு தடவை இந்தப் பக்கம் வந்தால் ஹார்ன் அடித்து, "என்னுதுதானே?" என்று கத்திக்கொண்டே போவார். மாமா மறுநாளே அந்த போர்டை எழுதி மாட்டிவிட்டார். பாட்டில் என்னுடையது என்று போர்டில் போடவில்லை. அது ஒன்றுதான் எனக்கு அதில் சரியாகப் படவில்லை.

அதற்குப் பிறகு நான் தனியாகக் கட்டப்போகிற முதல் இன்ஜின் உங்களுடையது. இப்போது சொல்லுங்கள், நம்பிக்கை வந்துவிட்டதா இல்லையா?

ஏனுங்க, ஏன் எழுந்துவிட்டீர்கள்? மாமா வர இன்னும் நேரம் இருக்கிறது. எங்கே அலமாரிப் பக்கம்? தண்ணீர் அங்கே இல்லை, பானை இந்தப் பக்கம்.

என்னது? அந்த பாட்டில் எங்கே இருக்கிறது என்றா கேட்கிறீர்கள்?

இவ்வளவு நேரம் யாருக்கு நான் தொண்டை கிழியக் கதை சொன்னேன்! அதோ போர்டு, உங்கள் தலைக்கு நேராகத்தான் இருக்கிறது. கண்ணாடி கொண்டுவரவில்லையா? பரவாயில்லை, நகருங்கள். நான் பதினொன்றாவது வரைக்கும் படித்திருக்கிறேன். படித்துக் காட்டுகிறேன்.